முகமது சஹ்நூனும் 1992 சோமாலியாவும்: மூப்பர்களிடம் பேச நேரம் இருந்ததா? (விவாத இழை)

ஏடகம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். விடுதலைக்குப் பிந்தைய ஆப்பிரிக்காவில் அமைதிக்காக உழைத்த தூதர்கள் என்றவுடன் ஹாமர்ஷோல்டு, கோஃபி அன்னான் என்ற இரண்டு பெயர்களோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. இருவருமே ஐ.நா. பொதுச்செயலாளர்கள். களத்தில், ஆயுதக் குழுத் தலைவனின் வீட்டு முற்றத்தில் மணிக்கணக்காக அமர்ந்து பேசியவர்களைப் பற்றி நாம் அதிகம் எழுதியதில்லை. அவர்களுள் ஒருவரான அல்ஜீரியத் தூதர் முகமது சஹ்நூனைப் பற்றி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1931 இல், பிரெஞ்சு ஆட்சியில் ஓர்லேயான்வில் என்று அழைக்கப்பட்ட இன்றைய ஷ்லெஃப் நகரில் பிறந்தவர். அல்ஜியர்ஸின் ஏழ்மைக் குடியிருப்புகளில் எழுத்தறிவும் மருத்துவ உதவியும் தந்த சமூக மையங்களில் இளமையில் பணிசெய்தார். 1957 இல் நகரம் பிரெஞ்சு வான்குடைப் படையின் பிடியில் இருந்தபோது கைதுசெய்யப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். அந்த அனுபவத்தை நூலாக எழுத அவருக்கு ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அல்ஜீரியா 1962 இல் விடுதலை பெற்றது. அதற்கு இரண்டே ஆண்டுகளில், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் துணைப் பொதுச்செயலாளராக அடிஸ் அபாபாவுக்குச் சென்றுவிட்டார். பிறகு மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஐ.நா., அமெரிக்கா, மொராக்கோ எனத் தூதர் பதவிகள் தொடர்ந்தன. தன்னைச் சித்திரவதை செய்த நாட்டுக்கே தன் நாட்டின் தூதராகச் செல்வதற்கு எத்தகைய மனம் வேண்டும் என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இந்த இழையில் நான் விவாதிக்க விரும்புவது 1992 ஆம் ஆண்டின் ஆறு மாதங்களை. அந்த ஏப்ரல் 24 அன்று பாதுகாப்பு அவை 751 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, சோமாலியாவுக்கென ஒரு சிறிய ஐ.நா. பணியை உருவாக்கியது. போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க ஐம்பது பார்வையாளர்களும், அரசியல் பணிக்கு ஒரு சிறப்புப் பிரதிநிதியும் அதில் அடங்குவர். அந்தப் பிரதிநிதியாக அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் புத்ரோஸ் புத்ரோஸ் காலி அனுப்பியவர் சஹ்நூன். அக்டோபர் இறுதியில் அவர் பதவி விலகினார். டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் மொகடிஷு கடற்கரையில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று 24 பாகிஸ்தான் வீரர்களும், அக்டோபர் 3, 4 தேதிகளில் 18 அமெரிக்கர்களும், எண்ணிக்கையே சரியாகப் பதிவாகாத பல நூறு சோமாலியர்களும் உயிரிழந்தனர். 1995 மார்ச்சில் கடைசி ஐ.நா. படைவீரரும் வெளியேறினார்.

அந்த ஆறு மாதங்களில் சஹ்நூன் செய்த வேலையைத் தொடர அனுமதித்திருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்க முடியும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் மறுப்புகளை அறிய விரும்புகிறேன்.

முல்லை

நல்ல இழை, ஏடகம் ஐயா. எனக்கு ஓர் அடிப்படைக் கேள்வி இருக்கிறது. சோமாலியாவில் அப்போது அரசே இல்லை என்று படித்திருக்கிறேன். அரசு இல்லாத நாட்டில் ஒரு தூதர் யாரிடம் பேசுவார்? தூதர் என்ற சொல்லே ஓர் அரசு இன்னோர் அரசிடம் அனுப்பும் ஆள் என்ற பொருளில்தானே நிற்கிறது?

ஏடகம்

அவர் எதிர்கொண்ட முதல் சிக்கலே அதுதான், முல்லை. நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சியாத் பரே 1991 ஜனவரி இறுதியில் தலைநகர் மொகடிஷுவை விட்டுத் தப்பியோடினார். அவரை விரட்டிய குழுவே இரண்டாகப் பிளந்தது. ஜெனரல் முகமது ஃபாரா அய்தீத் ஒரு பக்கம், தன்னை இடைக்கால அதிபராக அறிவித்துக்கொண்ட அலி மஹ்தி முகமது மறுபக்கம். இருவரும் ஹாவியே என்ற ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவர்கள், உட்கிளைகள்தாம் வேறு. 1991 நவம்பரிலிருந்து 1992 மார்ச் வரை இரு தரப்பும் பீரங்கிகளால் மொகடிஷுவைச் சிதைத்தன. மார்ச் 3 அன்று ஒரு போர்நிறுத்தம் கையெழுத்தானது. சஹ்நூன் சென்று சேர்ந்தபோது அந்தத் தாளைத் தவிர அவர் கையில் வேறு பிடிப்பு எதுவும் இல்லை.

ஆயினும் சோமாலியச் சமூகத்தில் அரசுக்கு முன்பே ஓர் ஒழுங்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. குலங்களுக்கு இடையில் வாய்மொழியாக வழங்கிவரும் மரபுச் சட்டத்தை அவர்கள் ஹேர் என்பார்கள். கொலை நடந்தால் எத்தனை ஒட்டகம் ஈடு, மேய்ச்சல் நிலமும் கிணறும் யாருக்கு எந்தப் பருவத்தில் என்பதையெல்லாம் அது வகுத்திருக்கிறது. தகராறு எழுந்தால் மூப்பர்கள் மரத்தடியில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஷிர் என்று பெயர். அது நாள் கணக்கில் நடக்கும், சில நேரம் வாரக் கணக்கில். வாக்கெடுப்பு இல்லை, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரை பேச்சு முடியாது.

சஹ்நூன் இதைப் பயன்படுத்த முனைந்தார். ஆயுதம் தாங்கிய இருவரோடு மட்டும் பேசினால் அவர்களே நாடு என்று ஆகிவிடும் என்று அவர் அஞ்சினார். ஆகவே வடக்கிலும் தெற்கிலும் உள்நாட்டிலும் பயணம் செய்து, மூப்பர்களையும் பெண்கள் குழுக்களையும் அறிஞர்களையும் சந்தித்தார். நிவாரணத்தையும் அரசியல் பேச்சையும் மொகடிஷுவிலிருந்து பிரித்து, நாட்டை நான்கு மண்டலங்களாகக் கொண்டு நடத்தவேண்டும் என்றார். ஒரே துறைமுகத்தில் எல்லா உணவும் இறங்கினால், அந்தத் துறைமுகத்தைப் பிடித்தவனே அரசன் ஆவான். பெர்பெரா, போசாசோ, கிஸ்மாயு வழியாகவும் உணவு சென்றால் அந்த ஆட்சி வலுவிழக்கும். ஜூலை 27 அன்று நிறைவேறிய 767 ஆம் தீர்மானம் இந்த நான்கு மண்டல யோசனையை ஏற்றுக்கொண்டது.

தென்கரை

ஏடகம் அவர்களின் மதிப்பீட்டோடு நான் உடன்பட இயலவில்லை. காரணத்தை நேரடியாகச் சொல்கிறேன்.

1992 நடுவில் 45 இலட்சம் மக்கள் பட்டினியின் அச்சுறுத்தலில் இருப்பதாகவும், அவர்களில் 15 இலட்சம் பேரின் உயிர் உடனடி ஆபத்தில் இருப்பதாகவும் ஐ.நா. மதிப்பிட்டது. அதற்குள் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் இறந்துவிட்டதாகவும் கூறப்பட்டது. இத்தகைய நிலையில் மரத்தடியில் வாரக் கணக்கில் நடக்கும் பேச்சைப் பற்றி நாம் பரவசத்தோடு எழுதுவது எனக்கு வருத்தமளிக்கிறது. மூப்பர்கள் பேசிமுடிக்கும் வரை குழந்தைகளின் உடல் காத்திருக்காது.

இரண்டாவதாக, ஐம்பது பார்வையாளர்களுக்கு ஒப்புதல் பெறவே ஜூலை வரை ஆயிற்று. 500 பாதுகாப்பு வீரர்களுக்கு அய்தீதின் ஒப்புதல் ஆகஸ்டு நடுவில்தான் கிடைத்தது. அந்தப் பாகிஸ்தான் வீரர்கள் செப்டம்பரில் வந்து, விமான நிலையத்தைத் தாண்டி வெளியே வர முடியாமல் முடங்கிக் கிடந்தார்கள். உணவுக் கப்பல்கள்மீது குண்டுகள் விழுந்தன. ஒப்புதல் பெற்றே நுழைவோம் என்ற கொள்கையின் பலன் இதுவாயின், ஒப்புதலை மறுக்கும் உரிமையை யாருக்குக் கொடுத்தோம் என்று கேட்கவேண்டாமா? உணவைக் கொள்ளையடித்துப் படை நடத்தியவர்களுக்கே அல்லவா கொடுத்தோம்?

மூன்றாவது கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது. இறந்தவர்கள் யார்? பெரும்பாலும் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் சோளம் விளைவித்த ரஹன்வெய்ன் மக்களும், ஜுபா, ஷபேல் ஆற்றங்கரைகளில் இருந்த பாண்டு உழவர்களும். அவர்களிடம் துப்பாக்கி இல்லை. சியாத் பரேயின் படை பின்வாங்கும்போதும் அய்தீதின் படை முன்னேறும்போதும் இரண்டுமே அவர்களின் தானியக் குழிகளைத் தோண்டி எடுத்துச் சென்றன. அய்தீதும் அலி மஹ்தியும் அவர்களுக்காகப் பேசும் தகுதி உடையவர்கள் அல்லர். அப்படியிருக்க, தூதரின் நேரத்தின் பெரும்பகுதி அந்த இருவரிடமே கழிந்தது ஏன்?

பழைய நூலகர்

தென்கரையின் மூன்றாவது கேள்வி கூர்மையானது. அதற்கு ஏடகம் விடை சொல்லட்டும். அதற்குமுன் ஒரு பின்னணியைச் சேர்க்க விரும்புகிறேன். 1992 இல் மொகடிஷுவில் வந்திறங்கியவர் சோமாலியாவுக்குப் புதியவர் அல்லர் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

சோமாலியாவின் கொடியில் உள்ள வெண்ணிற நட்சத்திரத்துக்கு ஐந்து முனைகள் உண்டு. அவை சோமாலியர் வாழ்ந்த ஐந்து நிலங்களைக் குறிக்கின்றன: பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த வடபகுதி, இத்தாலிய ஆட்சியில் இருந்த தென்பகுதி, பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் ஓகாடேன், கென்யாவின் வடகிழக்கு. முதல் இரண்டு மட்டும் 1960 ஜூலை 1 அன்று ஒன்றாகி ஒரு நாடாயின. மற்ற மூன்றையும் சேர்க்கவேண்டும் என்ற ஏக்கம் அந்த நாட்டின் பிறப்பிலேயே இருந்தது.

ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1963 மே 25 அன்று அடிஸ் அபாபாவில் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டு ஜூலையில் கெய்ரோவில் கூடிய தலைவர்கள், விடுதலையின்போது இருந்த எல்லைகளை மதிப்போம் என்று தீர்மானித்தார்கள். அந்த எல்லைகள் ஐரோப்பியர் கோடு போட்டு வகுத்தவை என்பதை அறிந்தே அப்படி முடிவு செய்தார்கள். ஒரு கோட்டைக் கலைத்தால் எல்லாக் கோடுகளும் கலையும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அதை ஏற்க மறுத்த நாடுகள் சோமாலியாவும் மொராக்கோவும். மொராக்கோவுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையில் 1963 அக்டோபரில் எல்லைப் போரே நடந்திருந்தது. எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹெய்லி செலாசியும் மாலியின் மோடிபோ கெய்ட்டாவும் பாமகோவில் இரு தரப்பையும் உட்காரவைத்து அதை நிறுத்தினார்கள்.

சஹ்நூன் அந்த அமைப்பில் சேர்ந்த ஆண்டு 1964. அதே ஆண்டு சோமாலியாவும் எத்தியோப்பியாவும் எல்லையில் மோதின. வடகிழக்குக் கென்யாவில் நடந்த சண்டை, 1967 அக்டோபரில் சாம்பியா அதிபர் கென்னத் கவுண்டா முன்னிலையில் அருஷாவில் ஏற்பட்ட உடன்பாடு வரை நீடித்தது. சொந்த நாடு அண்டை நாட்டோடு எல்லைப் போரை அப்போதுதான் முடித்திருந்த ஓர் இளைஞர், மற்றவர்களின் எல்லைத் தகராறுகளை ஆற்றும் அமைப்பில் தன் முதல் பத்தாண்டுகளைக் கழித்தார். பேச்சுவார்த்தையின் பொறுமையை அவர் அங்கேயே கற்றிருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

அந்த வேலை ஆபத்தில்லாதது என்றும் யாரும் எண்ணவேண்டாம். அவருடைய மேலதிகாரியாக, அமைப்பின் முதல் பொதுச்செயலாளராக இருந்தவர் கினியாவின் டியாலோ டெல்லி. பதவி முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பிய அவரைச் செக்கூ தூரேயின் அரசு கைதுசெய்தது. 1977 இல் போய்ரோ முகாமில், உணவும் நீரும் மறுக்கப்பட்டு இறந்தார். ஆப்பிரிக்கா முழுமைக்கும் அமைதி பேசியவருக்குச் சொந்த ஊரில் ஒரு குவளைத் தண்ணீர் கிடைக்கவில்லை.

ஏடகம்

பழைய நூலகர் ஐயாவுக்கு நன்றி. டியாலோ டெல்லியைப் பற்றித் தனி இழையே தொடங்கவேண்டும்.

தென்கரை அவர்களே, உங்கள் எண்களில் எதையும் நான் மறுக்கவில்லை. தாமதத்துக்கு யார் காரணம் என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

முதலில் ஜூன் மாதத்தில் நடந்ததைப் பாருங்கள். அய்தீதோடு பார்வையாளர்களைப் பற்றிய பேச்சு கனிந்துவந்த நேரத்தில், ஐ.நா. நிறுவனம் ஒன்று முன்பு வாடகைக்கு எடுத்திருந்த ரஷ்ய அன்டோனோவ் விமானம், ஐ.நா. அடையாளம் அழிக்கப்படாமலேயே, வட மொகடிஷுவில் அலி மஹ்தியின் தரப்புக்குப் பணத்தாள்களையும் படைக்கருவிகளையும் கொண்டுவந்து இறக்கியது. ஐ.நா. ஒருதலைப்பட்சமானது என்ற அய்தீதின் ஐயத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எகிப்தின் வெளியுறவுத் துறையில் இருந்த காலத்தில் புத்ரோஸ் காலி சியாத் பரேயோடு நெருக்கமாக இருந்தார் என்ற கசப்பும் அய்தீதுக்கு முன்பே இருந்தது. பார்வையாளர்களின் வருகையை அய்தீத் நிறுத்திவைத்தார். சஹ்நூன் விசாரணை கோரினார். பொருட்படுத்தத்தக்க விடை எதுவும் வரவில்லை. இழந்த நம்பிக்கையை அவர் ஒரு மாதம் அலைந்து மீட்டார். அந்த மாதத்தையும் நீங்கள் மூப்பர்களின் கணக்கில் எழுதுகிறீர்கள்.

அடுத்து ஆகஸ்டு. 500 பேருக்கு ஒப்புதல் கிடைத்துச் சுமார் இரண்டு வாரங்களில், அந்த 500 பேரில் ஒருவர்கூட வந்துசேராத நிலையில், பாதுகாப்பு அவை 28 ஆம் தேதி 775 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றிப் படை எண்ணிக்கையை 3,500 ஆக உயர்த்தியது. நான்கு மண்டலங்களுக்கு 750 பேர் வீதம் 3,000, முன்பு ஒப்புக்கொண்ட 500 என்பது கணக்கு. எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்: அந்த நான்கு மண்டலங்கள் சஹ்நூனுடைய யோசனை. அதன்மேல் ஏற்றப்பட்ட படையைப் பற்றி அவரிடம் கலந்து பேசவில்லை. மூப்பர்களிடமும் சொல்லவில்லை, அண்டை நாட்டுத் தலைவர்களிடமும் சொல்லவில்லை. அய்தீதின் கண்ணில் சஹ்நூன் ஒன்று பொய்யர், அல்லது தன் தலைமையகத்தில் செல்வாக்கு இல்லாதவர். இரண்டில் எதுவானாலும் பேச்சில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. பாகிஸ்தான் வீரர்கள் விமான நிலையத்தில் முடங்கியது இதற்குப் பின்னர்தான்.

பட்டினியைப் பற்றி உங்களைவிடக் கோபமாகப் பேசியவர் சஹ்நூன். 1991 ஜனவரியில் ஐ.நா. பணியாளர்கள் மொகடிஷுவை விட்டு வெளியேறினார்கள். பிறகும் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பல நிறுவனங்கள் நைரோபியில் தங்கிவிட்டன. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவும், சில தொண்டு நிறுவனங்களும், சோமாலியச் செம்பிறைச் சங்கமும் குண்டுகளுக்கு நடுவிலேயே இருந்து நூற்றுக்கணக்கான கஞ்சிக் கூடங்களை நடத்தின. அவர்களால் முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். 1992 அக்டோபர் 12, 13 தேதிகளில் ஜெனீவாவில் நடந்த உதவி நாடுகளின் கூட்டத்திலும் இதையே சொன்னார். நியூயார்க்கிலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. அந்த மாத இறுதியில் அவர் விலகினார்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஆயுதம் இல்லாதவர்களின் மூப்பர்களைப் பேச்சின் நடுவில் வைக்கவே மண்டல யோசனை எழுந்தது. பஞ்சம் தாக்கிய உள்நாட்டு ஊரான பைடோவாவின் மக்கள் அய்தீதின் அனுமதியின்றி உணவு பெறவேண்டும் என்பதே அதன் சாரம். அது காகிதத்திலிருந்து நிலத்துக்கு வரும் முன்பே அவர் காலம் முடிந்துவிட்டது. அந்த இருவரோடு கழித்த நேரம் அதிகம் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முல்லை

ஒரு சிறு குறுக்கீடு. மூப்பர்களின் வழி தெற்கில் சோதித்துப் பார்க்கப்படவில்லை. வடக்கில் அதே காலத்தில் சோதிக்கப்பட்டது. 1991 மே மாதத்தில் புராவோவில் கூடிய வடபகுதிக் குலங்கள் சோமாலிலாந்தைத் தனிநாடாக அறிவித்தன. இன்னும் அங்கே சண்டைகள் இருந்தன. பெர்பெரா துறைமுகத்துக்காகவே 1992 இல் இரத்தம் சிந்தப்பட்டது. பிறகு 1993 ஜனவரியிலிருந்து மே வரை போராமா என்ற சிறு நகரில் 150 மூப்பர்கள் கூடினார்கள். ஏறக்குறைய நான்கு மாதங்கள் பேசினார்கள். படையைக் கலைப்பது, சாலைகளைத் திறப்பது, ஈட்டுத்தொகைகளைத் தீர்ப்பது என்று ஒவ்வொன்றாக முடித்து, இறுதியில் முகமது இப்ராஹிம் எகாலை அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். மூப்பர்களின் அவை நாடாளுமன்றத்தின் மேலவையாகவே ஆயிற்று. அந்த நான்கு மாதங்களும் தெற்கில் பல்லாயிரம் வெளிநாட்டுப் படைவீரர்கள் நின்றுகொண்டிருந்த அதே நான்கு மாதங்கள்.

போராமாவில் வாக்களித்தவர்களில் பெண்கள் இல்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன். பிறந்த வீட்டுக் குலத்துக்கும் புகுந்த வீட்டுக் குலத்துக்கும் இடையில் தூது நடந்தவர்கள் அவர்களே. முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அவர்களுக்கு இருக்கை இல்லை. மூப்பர் மரபைப் போற்றும்போது இதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

தென்கரை

முல்லை காட்டிய ஒப்பீடு என்னைச் சிந்திக்க வைக்கிறது. ஆனாலும் வடக்கில் பஞ்சம் தெற்கில் இருந்த அளவுக்கு இல்லை. பசித்தவர்களுக்கு நான்கு மாதம் கிடையாது.

ஏடகம் அவர்களிடம் இன்னொன்று கேட்கிறேன். கனடா அரசு 2000 இல் அமைத்த ஆணையத்தில், ஆஸ்திரேலியாவின் கேரத் எவன்ஸோடு இணைத் தலைவராக இருந்தவர் இதே சஹ்நூன். 2001 டிசம்பரில் வெளியான அதன் அறிக்கை, ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் அல்லது தானே கொன்றால் அவர்களைக் காக்கும் பொறுப்பு உலகச் சமூகத்துக்கு மாறும் என்றும், கடைசி வழியாகப் படையையும் பயன்படுத்தலாம் என்றும் கூறியது. 2005 உலக உச்சிமாநாட்டில் நாடுகள் இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டன. ஒப்புதல் இல்லாமல் படை வரக்கூடாது என்று 1992 இல் சொன்னவர் 2001 இல் மாறிவிட்டாரா? மாறினார் என்றால் அவரே என் பக்கம் வந்துவிட்டார் என்று பொருள்.

பழைய நூலகர்

அந்தக் கேள்விக்கு முன், இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் 1997 இருக்கிறது. அந்த ஜனவரியில் ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பும் சேர்ந்து அவரைப் பேரேரிகள் பகுதிக்கான பிரதிநிதியாக நியமித்தன. லோரான் கபிலாவின் கிளர்ச்சிப் படை ருவாண்டாவின் துணையோடு ஜயரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கிழக்கிலிருந்து முன்னேறிக்கொண்டிருந்தது. கிழக்குக் காடுகளில் ருவாண்டா அகதிகள் வேட்டையாடப்பட்டார்கள். போரை நிறுத்துவது, அயல்படைகள் வெளியேறுவது, எல்லைகளை மதிப்பது, அகதிகளைக் காப்பது, பேச்சும் தேர்தலும் என ஐந்து அம்சத் திட்டம் ஒன்றைச் சஹ்நூன் முன்வைத்தார். பிப்ரவரி 18 அன்று 1097 ஆம் தீர்மானமாக அது நிறைவேறியது. மே 4 அன்று தென்னாப்பிரிக்கக் கடற்படையின் ஊத்தெனிக்கா கப்பலில், மண்டேலா நடுவில் இருக்க, ஜயர் அதிபர் மொபுட்டுவும் கபிலாவும் சந்தித்தார்கள். மொபுட்டு புற்றுநோயால் நலிந்திருந்தார். கபிலா அவர் முகத்தைப் பார்க்கவே தயங்கினார் என்று அன்றைய செய்திகள் எழுதின. உடன்பாடு ஏதும் ஏற்படவில்லை. மே 17 அன்று கபிலாவின் படை கின்ஷாசாவுக்குள் நுழைந்தது.

இதைத் தோல்வி என்றே பலரும் எழுதுகிறார்கள். பல இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்தத் தலைநகரில் தெருவுக்குத் தெரு பெரும்போர் நிகழவில்லை என்பதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. ஆனால் காட்டுக்குள் இறந்த அகதிகளை அந்தத் திட்டம் காக்கவில்லை. ஒப்புதலை நம்பிய திட்டத்தின் எல்லை அங்கே தெரிந்தது. 2001 அறிக்கையை எழுதியபோது அவர் மனத்தில் சோமாலியா மட்டும் இருந்திருக்காது; ருவாண்டாவும் அந்தக் காடுகளும் இருந்திருக்கும்.

ஏடகம்

நூலகர் ஐயா நான் சொல்லவிருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டார். மீதியைச் சேர்க்கிறேன்.

அந்த அறிக்கை பொறுப்பை மூன்றாகப் பிரிக்கிறது: தடுத்தல், எதிர்வினையாற்றல், மீளக் கட்டுதல். மூன்றிலும் தடுத்தலே முதன்மையானது என்று அது தெளிவாகச் சொல்கிறது. இதில் சஹ்நூனின் கை தெரிகிறது. ஏனெனில் பதவி விலகியபின் 1994 இல் அவர் சோமாலியாவைப் பற்றி எழுதிய சிறு நூல் முழுவதும் தவறவிட்ட தடுப்பைப் பற்றியதே. மூன்று வாய்ப்புகளை அவர் எண்ணுகிறார். 1988 இல் வடக்கில் கிளர்ச்சி எழுந்தபோது சியாத் பரேயின் விமானங்கள் ஹர்கெய்சாவைக் குண்டு வீசித் தரைமட்டமாக்கின, இலட்சக்கணக்கானோர் எத்தியோப்பியாவுக்கு ஓடினார்கள், உலகம் பேசவில்லை. 1990 மே மாதத்தில் 114 சோமாலிய அரசியலாளர்களும் அறிஞர்களும் வணிகர்களும் தேசிய மாநாடு கோரி ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அவர்களில் பலரைச் சிறையில் அடைத்தபோதும் உலகம் பேசவில்லை. 1991 ஜூனிலும் ஜூலையிலும் ஜிபூட்டியின் அதிபர் ஹசன் கூலெத் சமரச மாநாடுகளைக் கூட்டி ஐ.நா.வின் துணையை நாடியபோது, நிலைமை மிகச் சிக்கலானது என்ற விடையே வந்தது.

தென்கரை அவர்களே, 1992 இல் மூப்பர்களுக்கு நான்கு மாதம் இல்லை என்கிறீர்கள். 1988 இலிருந்து நான்கு ஆண்டுகள் இருந்தன. அந்த ஆண்டுகளைச் செலவழித்தவர்கள் வேறு யாரோ. கணக்கு மட்டும் கடைசியாக வந்தவரிடம் கேட்கப்படுகிறது.

1992 இலும் அவர் படையே வேண்டாம் என்றவர் அல்லர். 500 பேரைக் கேட்டு வாங்கியவரே அவர்தான். ஒப்புக்கொண்ட 500 பேரை விரைவாக அனுப்புங்கள், அடுத்த எண்ணைப் பேசி வாங்கித் தருகிறேன் என்பதே அவர் நிலைப்பாடு. ஆகவே 2001 இல் அவர் மாறினார் என்று நான் கருதவில்லை. கடைசி வழி என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த எடையை, அந்தச் சொல்லைப் பின்னாளில் மேற்கோள் காட்டிப் படை அனுப்பியவர்கள் கொடுக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். சுற்றுச்சூழலையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து 1987 இல் அறிக்கை வெளியிட்ட ப்ரன்ட்லாண்ட் ஆணையத்திலும் அவர் உறுப்பினராகப் பங்கேற்றார். மேய்ச்சல் நிலம் பாலையாகும்போது கிணற்றுக்காக எழும் சண்டை, துப்பாக்கி கிடைத்தவுடன் குலப்போர் ஆகிறது என்பதை அவர் நெடுங்காலம் எடுத்துச் சொல்லிவந்தார். சுவிட்சர்லாந்தின் கோ என்ற மலைக் கிராமத்தில் 2008 முதல் நடந்த மனிதப் பாதுகாப்பு மாநாடுகளில் நிலத்தை மீட்பதையும் நினைவின் காயங்களை ஆற்றுவதையும் ஒரே மேடையில் அவர் பேசவைத்ததற்கு இதுவே காரணம்.

தென்கரை

1988 பற்றிய உங்கள் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். முதல் பதிவில் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பைடோவாவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த இழைக்காக நேற்றிரவு மீண்டும் படித்தேன். அமெரிக்க, பிரெஞ்சுப் படைகள் அந்த ஊரை அடைந்தது டிசம்பர் நடுவில். அங்கே மரணங்கள் உச்சத்தைத் தொட்டது அதற்குப் பல வாரங்களுக்கு முன்பு. மிக நலிந்த குழந்தைகள் ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தார்கள். எஞ்சியவர்களைப் பெரும்பாலும் கஞ்சிக் கூடங்களும், ஆகஸ்டில் தொடங்கிய விமான வழி உணவும் காத்தன. ஆகவே படை வந்து பஞ்சத்தை நிறுத்தியது என்று இத்தனை காலம் நான் நம்பியது முழு உண்மையன்று. சஹ்நூனின் வழி அவர்களைக் காத்திருக்கும் என்றும் என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. ஜூன் மாதத்தில் அந்த விமானம் வராமல் இருந்து, 500 பேரும் ஜூலையிலேயே வந்திறங்கி, பைடோவாவுக்குச் செல்லும் சாலையில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

முல்லை

அந்த ஊருக்கு 1993 இல் சென்று ஓராண்டுக்கும் மேல் நின்றது இந்தியப் படைப்பிரிவு. கிணறு வெட்டுவதையும் கால்நடை மருத்துவத்தையும் சேர்த்துச் செய்தார்கள் என்றும், மூப்பர்களோடு தொடர்ந்து கூடிப் பேசினார்கள் என்றும் படித்திருக்கிறேன். அதைப் பற்றி விவரமாக எழுதக்கூடியவர்கள் இங்கே இருந்தால் தொடருங்கள்.